பெயர்கொண்டு பொருள் துணிதல்: கொன்சோல் விளையாட்டுக் களவுப்படிகளின் வரலாறு

பழைய ஏட்டுச் சுவடிகளைக் கையாண்டு பழகியோர் ஒன்றை நன்கறிவர். முகப்பேட்டில் எழுதப்பட்டிருக்கும் நூற்பெயரை மாத்திரம் நம்பி, உள்ளே கிடப்பது இன்ன நூல் என்று துணிதல் இயலாது. முகப்பேடு ஒருவர் எழுதியது. உள்ளேடுகள் வேறொருவர் எழுதியவை. இடையிற் சில ஏடுகள் இழந்தும், எழுதினோன் பிழையால் திரிந்தும், பிறிதொரு நூலின் ஏடுகள் விரவியும் இருத்தல் உண்டு. சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1887 ஆம் ஆண்டிற் கலித்தொகையை அச்சேற்றுதற்குச் சுவடிகள் பலவற்றைத் தேடி ஒப்புநோக்கியது இது பற்றியே. ஏட்டுக் காலம் கழிந்தது. எனினும், படிக்கும் மூலத்துக்கும் இடையிலுள்ள அவ்வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. அது இன்று நம் மாணவர் கைகளிலேயே நடைபெறுகின்றது என்றால் ஆசிரியர் சிலர் வியப்பர். தொலைக்காட்சியோடு இணைத்து ஆடுதற்குரிய பொறிகளின் விளையாட்டுகளை விலைகொடாது இணையத்திலிருந்து தரவிறக்கிக்கொள்ளும் இளைஞர், அவற்றின் கோப்புப் பெயர்களைச் சான்றோர் வாக்கென நம்புகின்றனர். அப்பெயர்கள் எவ்வாறு தோன்றின, எக்காலத்தில் எவர்க்கு அவை சான்றாயின, எப்பொழுது சான்றாகும் தன்மையை இழந்தன என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கொன்சோல் என்று வழங்கும் இவ்விளையாட்டுப் பொறிகளுட் பெரு வழக்கெய்தியது, நின்ரெண்டோ நிறுவனம் 1983 யூலை 15 அன்று யப்பானில் வெளியிட்ட பமிக்கொம் என்பதாகும். விளையாட்டு நிரல், நம்மவர் 'கசற்' என்று வழங்கிய சிறு பேழையொன்றினுட் சில்லுகளிற் பதிக்கப்பட்டிருந்தது. பமிக்கொம்மிற் பூட்டு எதுவும் இல்லை. ஆகலின், தாய்வானிலும் ஹொங்கொங்கிலும் அதனைப் போலச் செய்த பொறிகளும் பேழைகளும் பெருகின. 1985 இல் அமெரிக்காவிற் பொறியை விற்கப் புகுந்தபொழுது அந்நிறுவனம் பொறியினுள் ஒரு சில்லையும் பேழையினுள் அதற்கு இணையான மற்றொரு சில்லையும் வைத்தது. இரண்டும் ஓயாது ஒன்றோடொன்று பேசி ஒத்துப்போயினாலன்றி ஆட்டம் தொடங்காது. பூட்டு இருப்பின் திறவுகோல் தேடுவோரும் இருப்பர். அற்றாரி கேம்ஸ் என்னும் அமெரிக்க நிறுவனம் 1988 இல், தான் வழக்கொன்றிற் பிரதிவாதி என்று பொய்யுரைத்து, அப்பூட்டு நிரலின் படியை அந்நாட்டுப் பதிப்புரிமை அலுவலகத்திலிருந்தே பெற்றுக்கொண்டது. 1992 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அந்நிறுவனத்துக்கு எதிராக முடிவுரைத்தபோது இச்செயலையும் எடுத்துக் கூறிற்று. களவுப்படியின் வரலாறு தெருவோரக் கடைகளில் மாத்திரம் நிகழ்ந்ததன்று என்பதற்கு இஃதொன்றே போதும்.

கடைகளில் நிகழ்ந்ததையும் சிறிது நோக்குவாம். 1990 களில் ஆசிய நாடுகளின் கடைகளில் விற்ற களவுப் பேழைகளின் மேலொட்டில் 'ஒன்றினுள் 9999' என்பது போன்ற எண்கள் விளங்கும். வாங்கிச் செருகிப் பார்த்தால், ஏறத்தாழ இருபது முப்பது விளையாட்டுகளே வெவ்வேறு பெயரும் வெவ்வேறு தொடக்க நிலையும் பெற்று மீள மீள வரும். வேறு சிலவற்றில், மேலொட்டின் படத்துக்கும் உள்ளிருக்கும் ஆட்டத்துக்கும் யாதொரு தொடர்பும் இராது. பிளேஸ்ரேசன் பொறியின் உருவத்தை அச்சொட்டாகக் கொண்டு, உள்ளே பழைய பமிக்கொம்மின் உறுப்புகளையே உடைய பொறிகளும் விற்கப்பட்டன. பெயர் வேறு, பொருள் வேறு என்னும் நிலை கோப்புகளுக்கு முன்னரே பேழைகளில் வந்துவிட்டது. ஆயின் பேழையைக் கையில் ஏந்திப் பார்க்கலாம். பிடிக்காவிடிற் கடைக்காரனோடு சண்டையிடலாம். கோப்பு விடயத்தில் இவ்விரண்டும் இல்லை.

பேழையிலிருந்து நிரலைப் பிரித்துக் கோப்பாக்கும் கருவிகள் 1990 களின் தொடக்கத்திற் பரவின. சூப்பர் பமிக்கொம் பொறியின் மீது பொருத்தப்படும் பெட்டி ஒன்று, பேழையிலுள்ளதை வாசித்து நெகிழ்வட்டில் எழுதிவிடும். ஈண்டுக் கோப்புப் பெயரின் இலக்கணத்தைக் கூறுதல் வேண்டும். பெயரிற் புள்ளிக்கு முன் நிற்பதைப் பகுதி எனவும், பின் நிற்பதை விகுதி எனவும் கொள்ளலாம். அக்காலத்து டொஸ் முறையிற் பகுதிக்கு எட்டு எழுத்தும் விகுதிக்கு மூன்று எழுத்துமே இடம். எட்டெழுத்தினுள் ஒரு விளையாட்டின் நெடும்பெயர் எவ்வாறு அடங்கும்? குறுக்கினர், சிதைத்தனர், பிறர்க்கு விளங்காத சுருக்கங்களைப் புனைந்தனர். விகுதியோ படியெடுத்த கருவியின் பெயராயிற்று. சூப்பர் மஜிக்கொம் என்னும் பெட்டியாற் படியெடுத்தது 'எஸ்.எம்.சி.' என முடிந்தது. சூப்பர் வைல்ட் காட் என்னும் பெட்டியாற் படியெடுத்தது 'எஸ்.டபிள்யூ.சி.' என முடிந்தது. அக்கருவிகள் மறைந்து பல்லாண்டுகள் ஆகியும் முதற்கூறிய விகுதி இன்றும் வழங்குகின்றது. அதனைக் காணும் இளைஞர் அஃது ஆட்டத்தின் இயல்பைக் குறிப்பதென்று கருதுவர். அற்றன்று, எழுதுகோலின் பெயரே நூலின் பெயரோடு ஒட்டிக்கொண்டது போன்றது அது. மேலும், அப்பெட்டிகள் கோப்பின் தொடக்கத்தில் 512 பைற்றுத் தலைப்பொன்றைத் தம் பயன் கருதிச் சேர்த்தன. அது விளையாட்டின் பகுதியன்று. எனினும் பின் வந்த படிகள் பலவற்றில் அகலாது நின்று தொல்லை தந்தது.

இவ்வாறு சேர்ந்த தலைப்புகளுள் வரலாற்றுச் சுவை மிக்க ஒன்றைச் சற்று விரித்துரைத்தல் தகும். 1996 இல் மரத் பைசுலின் என்பார், பழைய நின்ரெண்டோப் பொறியைக் கணினியிற் போலச்செய்து காட்டும் ஐ-நெஸ் என்னும் நிரலை ஆக்கினார். இத்தகைய நிரலை எமுலேற்றர் என்பர். பேழைகளினுள் நிரற் சில்லோடு, நினைவகப் பகுதிகளை மாற்றி மாற்றிக் காட்டும் வேறு சில்லுகளும் இருந்தமையின், எப்பேழைக்கு எச்சில்லு என்பதைக் கூற ஒரு குறிப்பு வேண்டியதாயிற்று. அதன் பொருட்டுக் கோப்பின் முதலிற் 16 பைற்றுகள் கொண்ட தலைப்பு ஒன்றை அவர் வகுத்தார். அதில் முதல் மூன்று பைற்றுகள் என், ஈ, எஸ் என்னும் எழுத்துகள். ஏழாவது முதற் பதினைந்தாவது வரையிலான இடங்கள் (எண்ணுதல் சுழியிலிருந்து தொடங்கும்) அன்று வெறுமையாகவே விடப்பட்டிருந்தன. அவ்வெற்றிடத்தைக் கண்ட ஒருவர், தாம் ஆக்கிய கருவி தொடும் கோப்புகளிலெல்லாம் அவ்வொன்பது இடங்களையும் நிரப்பி 'டிஸ்க்டூட்!' என்று ஆங்கிலத்தில் ஒன்பதெழுத்துக் கையொப்பம் இடுமாறு செய்துவிட்டார். அன்று அதனாற் கேடில்லை. சின்னாட் கழித்துச் சில்லு வகைகள் பெருகவே, ஏழாவது இடமும் சில்லு எண்ணைக் கூறப் பயன்படலாயிற்று. அவ்விடத்திலோ 'டி' என்னும் எழுத்து முன்னரே வீற்றிருந்தது. அவ்வெழுத்தின் எண் மதிப்புக் காரணமாக, சில்லு எண்ணோடு 64 கூடிற்று. நல்ல கோப்புகள் பல ஒரே நாளிற் கெட்டனவாகத் தோன்றின. ஏடெழுதினோன் ஓரத்திற் கிறுக்கிய தன் பெயர், பின்வந்தோன் கையிற் பாட்டின் சொல்லாகிவிடுதல் நம் சுவடிகளிலும் காணப்படுவதே. இத்துணையும் நிகழ்ந்தபோது கோப்பின் பெயர் சிறிதும் மாறவில்லை என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

இத்தலைப்பைப் பற்றிய மற்றொரு செய்தியும் உண்டு. நின்ரெண்டோ நிறுவனமே தன் வீ பொறிக்கு விற்ற 'சூப்பர் மரியோ பிறதர்ஸ்' என்னும் பழைய விளையாட்டை ஆராய்ந்தவர்கள், அதனுள் இதே 16 பைற்றுத் தலைப்பைக் கண்டனர். நிறுவனம் தன் விளையாட்டைத் தானே களவுத்தளத்திலிருந்து எடுத்துக்கொண்டது என்று சிலர் 2017 அளவில் எள்ளி நகையாடினர். அம்முடிபு அவசரமானது. அத்தலைப்பு முறையை அறிந்த ஒருவர் நிறுவனத்தின் உள்ளிருந்து, தம்மிடமுள்ள மூலத்துக்கே அதனைச் சேர்த்திருத்தலும் கூடும். மேற்குறி ஒன்றைக் கண்ட மாத்திரத்தே உள்வரலாற்றைத் துணிந்துவிடும் பிழையை ஈண்டும் காண்கின்றோம்.

கோப்புகள் ஆயிரக்கணக்கிற் பெருகியபின், எது நற்படி, எது தீப்படி என்று வகுக்கும் முயற்சி 1990 களின் இறுதியில் எழுந்தது. குட்ரூல்ஸ் என்னும் கருவித்தொகுதி பெயரின் இறுதியிற் சில குறிகளை இட்டது. வளைவு அடைப்பினுள் வரும் எழுத்து நாட்டைக் குறிக்கும்: 'யூ' அமெரிக்கா, 'ஈ' ஐரோப்பா, 'ஜே' யப்பான். சதுர அடைப்பினுள் வருவது படியின் நிலையைக் குறிக்கும்: வியப்புக்குறி வந்தால் ஒப்புநோக்கித் தேர்ந்த நற்படி, 'பி' வந்தாற் சிதைந்த படி, 'ஓ' வந்தால் அளவு மிகைப்பட்ட படி, 'எச்' வந்தாற் பிறர் மாற்றியது, 'ரி' வந்தால் ஆடுவோர்க்குச் சலுகை தரும் பகுதி முன்னே சேர்க்கப்பட்டது. பதிப்பாசிரியர் பாடபேதம் குறித்த முறைக்கும் இதற்கும் வேறுபாடு பெரிதன்று. நாட்டுக்குறி வெறும் அணியன்று. ஐரோப்பாவிலும் நம் நாட்டிலும் தொலைக்காட்சி பால் முறையைச் சார்ந்தமையின் அக்காலப் பொறிகள் நொடிக்கு 50 முறை திரையைப் புதுப்பித்தன. அமெரிக்க, யப்பானியப் பொறிகள் ஏறத்தாழ 60 முறை புதுப்பித்தன. ஐரோப்பியப் பதிப்புகள் பல திருத்தமின்றி வெளியானமையால், ஆட்டமும் இசையும் ஆறிலொரு பங்கு மெதுவாயின. ஓரெழுத்து மாறினால் ஆட்டத்தின் வேகமே மாறும்.

பின்னர் வந்த நோ-இன்ரோ என்னும் அமைப்பின் பெயரே ஒரு கண்டனமாகும். படியெடுத்த குழுவினர் தம் புகழ் விளங்க ஆட்டத்தின் முன் ஒட்டிய அறிமுகக் காட்சியை 'இன்ரோ' என்பர். அஃது இல்லாத தூய படிகளையே பட்டியலிடுதல் அவ்வமைப்பினர் கொள்கை. அவர்கள் செய்த நன்மை யாதெனின், பெயரை விட்டு உள்ளடக்கத்தைச் சான்றாக்கினமையே. கோப்பின் பைற்றுகள் அனைத்தையும் ஒரு கணிப்புக்கு உட்படுத்திப் பெறும் சரிபார்ப்பெண், ஒரு பைற்று மாறினும் வேறாகிவிடும். அவ்வெண்ணைப் பட்டியலோடு ஒப்பிட்டாற் போதும். கோப்பு எப்பெயர் பூண்டிருந்தாலும் பிடிபட்டுவிடும். சரிபார்ப்பெண்களுள்ளும் தரம் உண்டு. சி.ஆர்.சி.32 என்பது 32 துணுக்கு நீளமுடையது. தற்செயற் பிழையைக் காண உதவும். வேண்டுமென்றே ஏமாற்றுவோன் அதனைப் பொருத்திக் காட்டல் இயலும். ஆதலின் பட்டியல்களில் அதனோடு நெடிய எண்களும் சேர்த்துத் தரப்படுகின்றன.

நிற்க. குறுவட்டுக் காலத்திற் களவுப்படி ஓர் ஒழுங்கான அமைப்பாக வளர்ந்தமையை நோக்குவாம். 'சீன்' என்று தம்மைத் தாமே அழைத்துக்கொண்ட இரகசியக் குழுக்கள் கணினி விளையாட்டுகளிற் பழகி, பின்னர்க் கொன்சோல் விளையாட்டுகளுக்கும் வந்தன. நோர்வே நாட்டில் 1985 இல் தோன்றிய ரேசர் 1911 அவற்றுட் பெயர்பெற்றது. 1911 என்பது ஆண்டன்று. பதினாறனடி எண்முறையில் 777 என்று எழுதப்படும் எண்ணின் பதின்ம வடிவமாகும். இக்குழுக்கள் பெயரிடுதற்கு எழுதப்பட்ட விதிகளை வைத்திருந்தன. சொற்களுக்கிடையில் வெற்றிடம் இராது, புள்ளியோ அடிக்கோடோ வரும்; ஆட்டத்தின் பெயர், நாடு அல்லது ஒளிபரப்பு முறை, பொறியின் பெயர் ஆகியன முறையே நிற்கும்; இறுதியில் இடைக்கோடும் குழுவின் பெயரும் வரும். முன்னர் வேறு குழு வெளியிட்ட படி பழுதுடையதாயின், பின் வெளியிடுவோர் 'புறொப்பர்' என்னும் சொல்லைச் சேர்ப்பர். விதி மீறிய வெளியீடு பழிக்கப்பட்டுத் தள்ளப்படும். ஏறத்தாழ 1 கிகாபைற்று அளவுள்ள ட்றீம்காஸ்ற் வட்டை 700 மெகாபைற்றுக் குறுவட்டில் அடக்கும் பொருட்டு இசையையும் படங்களையும் குறைத்திருந்தால், அதற்கும் பெயரிற் குறிப்பு இருக்கும். கோப்பு பல துண்டுகளாக அனுப்பப்படும், ஒவ்வொரு துண்டின் சரிபார்ப்பெண்ணும் உடன் வரும், 'என்.எஃப்.ஓ.' என முடியும் சிறு ஏடு ஒன்று குழுவின் பெருமையையும் நிறுவும் முறையையும் கூறும்.

திருடர் கூட்டத்தில் இத்துணை ஒழுங்கு எங்ஙனம் வந்தது? அவர்களுக்குப் பணத்தினும் பெயரே பெரிதாயிருந்தது. பழுதான படியையோ தீநிரல் கலந்த படியையோ ஒரு குழு வெளியிட்டால், ஒருவரையொருவர் அறிந்த அம்மூடிய வட்டத்தில் அதன் பெயர் அழிந்துவிடும். ஆகவே அவ்வட்டத்தினுட் குழுப்பெயர் உண்மையான சான்றாக இருந்தது. 2001 டிசெம்பரில் அமெரிக்காவும் வேறு சில நாடுகளும் ஒருங்கே நடத்திய சோதனைகள் அக்குழுக்களுட் சிலவற்றைக் கலைத்தன. எனினும் பெயரிடும் மரபு அழியவில்லை. கோப்புகள் வட்டத்தை விட்டுக் கசிந்து, யாவரும் யாவருக்கும் வழங்கும் பொது வலைகளுக்கு வந்தன. அங்கே அவற்றோடு வந்தது பெயர் ஒன்றே. பெயரைக் காத்த நாணமும் அச்சமும் வரவில்லை. புகழ்பெற்ற குழுவின் பெயரை எவரும் எக்கோப்பின் இறுதியிலும் தட்டெழுதலாம். வியப்புக்குறியைச் சதுர அடைப்பினுள் இடுவதற்குத் தேர்வு எழுத வேண்டியதில்லை. இன்றைய இளைஞர் நம்பும் பெயர்கள் இவ்வாறு வேரறுந்த பெயர்களே. இந்த இடத்தைக் கடந்தபின் நிகழ்ந்தவற்றுக்கெல்லாம் இதுவே காரணம் என்பது நம் துணிபு.

முதற் பெருஞ் சான்று 2005 ஒக்ரோபரிற் கிடைத்தது. சோனி நிறுவனத்தின் பி.எஸ்.பி. என்னும் கைப்பொறி, முறைமை நிரலின் 1.5 ஆம் பதிப்பில் இருந்தபோது பிறர் ஆக்கிய நிரல்களையும் ஓட்ட இடங்கொடுத்தது. 2.0 ஆம் பதிப்பு அவ்வழியை அடைத்தது. அறியாது புதுப்பித்துக்கொண்டோர் பழைய பதிப்புக்கு மீள வழி தேடினர். படக்கோப்பு ஒன்றைத் திறக்கையில் நேரும் வழுவைக் கொண்டு மீளும் மெய்யான வழியொன்று அந்நாட்களிலேதான் வெளிப்பட்டிருந்தது. அவ்வேளை பார்த்து, ஒரு குழுவின் பெயரையும் முதற் பதிப்பென்னும் எண்ணையும் தாங்கி, அதே பயனைத் தருவதாகக் கூறிக்கொண்டு மற்றொரு கோப்பு உலாவிற்று. அதனை ஓட்டியோர் பொறியில் இன்றியமையாத முறைமைக் கோப்புகள் அழிந்தன; மறுமுறை இயக்கியபோது பொறி விழிக்கவில்லை. ஆங்கிலத்தில் இந்நிலையைச் செங்கல்லாதல் என்று குறிப்பர், பொருத்தமான சொல்லே. தீநிரல் ஆய்வு நிறுவனங்கள், கொன்சோலைக் குறிவைத்த முதல் ட்றோஜன் என இதனை அறிவித்தன. சில நாட்களுள் நின்ரெண்டோ டி.எஸ். பொறிக்கும் இவ்வகைத் தீநிரல் ஒன்று வந்தது. 'றொம்லோடர்' என்பது அதன் கோப்புப் பெயர். ஆங்கிலத்தில் 'ஓ' வரவேண்டிய இடத்திற் சுழி இடப்பட்டிருந்தது. அக்கூட்டத்தார் எழுத்துகளுக்கு மாறாக எண்களை எழுதும் வழக்கத்தை அவ்வாறே பின்பற்றியமையாற் பெயர் ஐயத்தை எழுப்பவில்லை, நம்பிக்கையையே ஊட்டிற்று.

கணினியைத் தாக்கும் கேடு இதனினும் பரந்தது. கொன்சோலுக்குரிய கோப்பாயினும் அது முதலில் வந்திறங்குவது வீட்டுக் கணினியிலேயாம். தந்தையின் வங்கிக் கணக்கும் தமக்கையின் பரீட்சைக் குறிப்புகளும் இருக்கும் அதே கணினி அது. இங்கே விகுதியை ஆராய்தல் உயிர்நாடியாகும். விண்டோஸ் 95 தொடங்கி இன்றுவரை, அறிந்த விகுதிகளை மறைத்துக் காட்டுதல் விண்டோஸின் இயல்பான அமைப்பு. ஆகவே 'எக்ஸ்.சி.ஐ.' என்னும் விளையாட்டு விகுதியின் பின் 'ஈ.எக்ஸ்.ஈ.' என்னும் இயக்க விகுதியையும் சேர்த்தாற் பின்னது மறைந்து முன்னதே தோன்றும். 2000 ஆம் ஆண்டு மே மாதத்தில் உலகெங்கும் பரவிய 'ஐ லவ் யூ' என்னும் தீநிரல் இவ்வுத்தியையே கையாண்டது. அது கடிதம் போலத் தோன்றிற்று, இது விளையாட்டுப் போலத் தோன்றும். மற்றொரு சூழ்ச்சியும் உண்டு. அரபு, எபிரேயம் முதலிய வலமிருந்து இடமாக எழுதும் மொழிகளுக்கென யூனிக்கோட்டில் ஒரு மறைகுறி வகுக்கப்பட்டுள்ளது. அதனைப் பெயரின் நடுவில் இட்டால், பின் வரும் எழுத்துகள் திரையிற் தலைகீழாகத் தோன்றும்; உண்மை விகுதி நடுவிற் சென்று ஒளிந்துகொள்ளும்.

கொன்சோல் விளையாட்டுக் கோப்பு கொன்சோலாலோ எமுலேற்றராலோ வாசிக்கப்படுவது. விண்டோஸில் தானே ஓடுவதற்கு அதற்கு யாதொரு தேவையுமில்லை. எனவே விளையாட்டென்று சொல்லி வந்தது இயக்க விகுதியோடு முடியுமாயின் மேற்கொண்டு ஆராய வேண்டியதில்லை. அளவும் பேசும். 'சூப்பர் மரியோ பிறதர்ஸ்' தலைப்போடு சேர்த்து 40,976 பைற்றுகளே. சூப்பர் பமிக்கொம்மின் மிகப் பெரிய பேழைகளும் 6 மெகாபைற்றைத் தாண்டவில்லை. அப்பெயரில் 40 மெகாபைற்று வந்தால் எஞ்சிய 34 மெகாபைற்றில் இருப்பது யாது? சுவிற்ச் பொறியின் புதிய பெருவிளையாட்டு என்று கூறி 3 மெகாபைற்று வந்தால் அதனுள் விளையாட்டு எங்கே? கடவுச்சொல்லாற் பூட்டப்பட்ட பொதிக்கோப்பும் ஐயத்துக்குரியது. பூட்டின் உள்ளே நச்சுத்தடுப்பு நிரலாற் புகுந்து நோக்க முடியாமையே அப்பூட்டின் பயன் ஆதல் கூடும். 2021 யூனில் அவாஸ்ற் நிறுவனம் வெளிப்படுத்திய க்றக்கொனொஷ் என்னும் தீநிரல், களவுக் கணினி விளையாட்டுகளோடு வந்து 2,22,000 இற்கு மேற்பட்ட கணினிகளிற் புகுந்து, நச்சுத்தடுப்பு நிரலை முடக்கி, உரியோர் அறியாமல் இணைய நாணயம் அகழ்ந்துகொண்டிருந்தது. ஆட்டம் செவ்வனே ஓடியமையால் எவரும் ஐயுறவில்லை.

போலிப் பெயரே கேட்டுக்குக் காரணமாயின், மெய்ப்பெயர் உடையதை நம்பலாமன்றோ என்று வினவுவார்க்கு வரலாறு வேறு விடை தருகின்றது. 2014 சனவரியில், 3டி.எஸ். பொறிக்குக் களவுக் கருவி விற்ற கேற்வே என்னும் குழு தன் நிரலின் புதுப்பதிப்பை வெளியிட்டது. தன் கருவியையே போலிசெய்து விற்ற வேறு களவாளரை ஒறுக்கும் பொருட்டு, போலியென்று காணின் பொறியையே முடக்கும் பகுதி அதனுள் இருந்ததை நிரலைப் பிரித்து ஆராய்ந்தோர் கண்டனர். 2018 இற் சுவிற்ச் பொறிக்கென வந்த எஸ்.எக்ஸ். ஓ.எஸ். என்னும் நிரலிலும், அதனை ஆராயப் புகுவோர் பொறியின் நினைவகத்தைக் கடவுச்சொல்லாற் பூட்டிவிடும் பகுதி காணப்பட்டது. இவை போலிகள் அல்ல. தத்தம் பெயரோடு, தத்தம் தளத்திலிருந்து, விலைக்கு வந்தவை. ஆக்கியோரே வைத்த பொறிகளும் உண்டு. 1995 இல் அமெரிக்காவில் வெளியான 'ஏர்த்பவுண்ட்' தான் களவுப்படி என்று உணர்ந்தால் எதிரிகளைப் பெருக்கி, அதனையும் தாங்கி இறுதிப் போர்வரை வருபவனை அங்கே நிறுத்தி, சேமித்த ஆட்டம் முழுவதையும் அழித்துவிடும். பல வார உழைப்பின் இறுதியில் வரும் அத்தண்டனை கொடிதுதான். ஆயினும் முறையிடுதற்கு அவனுக்கு ஒரு வாயில் இல்லை. களவுப் பொருளின் பழுதுக்கு வழக்காட முடியாது என்பதே இவ்வகைக் கேடுகள் அனைத்துக்கும் அரணாக நிற்கின்றது.

சட்டத்தின் பக்கத்தைச் சுருங்கக் கூறுவாம். நம் நாட்டின் 2003 ஆம் ஆண்டு 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரல்களையும் காக்கப்படும் ஆக்கங்களுள் அடக்குகின்றது. அமெரிக்காவிற் களவுத்தளம் நடத்திய ஒருவர்மீது 2021 இல் நின்ரெண்டோவுக்குச் சார்பாக 21 இலட்சம் டொலர் தீர்ப்பாயிற்று. மேற்கூறிய எஸ்.எக்ஸ். ஓ.எஸ்.ஸை ஆக்கிய குழுவைச் சேர்ந்த ஒருவர் 2022 இல் 40 மாதச் சிறை பெற்றார்.

இவ்வளவும் கூறியபின் ஒன்றை மறைத்தல் நேர்மையாகாது. 2010 இற்கு முன் அமெரிக்காவில் வெளியான பழைய விளையாட்டுகளுள் 87 வீதமானவற்றை இன்று கடையில் வாங்க இயலாது என்று அந்நாட்டு வீடியோ விளையாட்டு வரலாற்று நிறுவனம் 2023 இற் கணித்துக் கூறிற்று. உரிமையாளர் கைவிட்ட ஆக்கங்கள் பலவற்றை அழியாது காத்தோர் படியெடுத்தோரே. அவர் செயலைச் சட்டம் ஒப்பாவிடினும் வரலாற்றாசிரியன் எளிதிற் பழித்தல் இயலாது. யப்பானிய விளையாட்டுகளை மொழிபெயர்க்கும் ஆர்வலர், விளையாட்டை வழங்காது, மாற்றங்களை மாத்திரம் தனிக்கோப்பாக வழங்குவர். அதனைப் பொருத்துதற்கு மூலம் பைற்றுக்குப் பைற்று ஒத்திருத்தல் வேண்டும். ஐ.பி.எஸ். என்னும் பழைய மாற்றக் கோப்பு மூலத்தைச் சோதியாது எதன்மேலும் எழுதிக் கெடுக்கும், பின்வந்த பி.பி.எஸ். என்பது மூலத்தின் சரிபார்ப்பெண்ணைத் தன்னுள் கொண்டு, ஒவ்வாவிடின் மறுத்துவிடும். நேர்மையாளரும் பெயரை நம்பாது எண்ணை நம்பும் நிலைக்கு வந்தமை ஈண்டுக் குறிக்கத்தக்கது.

2017 இல் வெளிவந்த சுவிற்ச் பொறி இவ்வரலாற்றை மேலும் ஒரு படி நகர்த்தியது. அதன் விளையாட்டுகளுக்குப் பதினாறு இலக்க அடையாளம் உண்டு. களவுக் கோப்பின் பெயரில் அதுவும் சதுர அடைப்பினுள் நிற்கும். பொதுவாக ஈற்று மூன்று இலக்கம் 000 ஆயின் மூல விளையாட்டு. 800 ஆயிற் பின்வந்த திருத்தம். பெயரைப் படிக்கத் தெரிந்தவர் இதனை அறிவர். அவர் அறியாதது மற்றொன்று. கடையில் விற்கும் ஒவ்வோர் அட்டைக்குள்ளும், அவ்வட்டை ஒன்றுக்கே உரிய சான்றிதழ் பொறிக்கப்பட்டிருக்கின்றது. முழுப்படி எடுத்தால் அதுவும் உடன் எடுக்கப்படும். அப்படியை ஒருவன் இணையத்தோடு இணைந்து ஆடும் வேளையில் மூல அட்டையையும் மற்றொருவன் ஆடினால், ஒரே சான்றிதழ் இரு பொறிகளில் இருப்பதை நிறுவனத்தின் கணினி காணும். இரு பொறிகளும் இணையச் சேவையிலிருந்து விலக்கப்படுதல் கூடும். படியெடுத்தபின் மூல அட்டையை அரைவிலைக்கு விற்றுவிடுவோர் உளர். அதனை விலைகொடுத்து வாங்கும் மாணவன் கையில், மேலொட்டும் பெயரும் உள்ளிருக்கும் ஆட்டமும் பிழையின்றி ஒத்த மெய்யான அட்டையே இருக்கின்றது.